காய்க்குள்ளிருந்து வந்த மனிதன் யார்?

சங்கத்தில் சேர்ந்தவனுக்குச் சொந்த புத்தி கிடையாது, தலைவர் ஆட்டி வைக்கிறபடி ஆடும் பொம்மைதான் அவன் என்று முதலாளிகளின் ஆட்கள் பேசக் கேட்காத உழைப்பாளி உண்டா? இந்தப் பழைய புளுகுக்கு அமெரிக்காவில் ஒரு சினிமாவையே சாட்சிக்கு இழுத்து வந்தார்கள். அந்தச் சாட்சியை நாம் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

படத்தின் பெயர் ‘இன்வேஷன் ஆப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’. உடலைப் பறிப்பவர்களின் படையெடுப்பு என்று பொருள். 1956 பிப்ரவரியில் வெளிவந்தது. டைரக்டர் டான் சீகல். செலவு சுமார் 4 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் இது வெற்றிலை பாக்குச் செலவு. பறக்கும் தட்டு இல்லை, ராட்சச மிருகம் இல்லை. ஆனாலும் பார்த்தவர்களுக்குக் குலை நடுங்கியது.

கலிபோர்னியாவில் சாந்தா மிரா என்று ஒரு கற்பனை ஊர். வெளியூர் போயிருந்த டாக்டர் திரும்பி வருகிறார். ஒரு சிறுவன் தன் தாயைத் தாயே இல்லை என்று அலறுகிறான். ஒரு பெண் தன் மாமாவை மாமா இல்லை என்கிறாள். முகம் அதே முகம், பழைய தழும்புகூட அப்படியே இருக்கிறது. கண்ணில் இருந்த பாசம் மட்டும் காணோம். விஷயம் என்னவென்றால், வானத்திலிருந்து விழுந்த விதைகள் முளைத்து ஆள் பருமனுள்ள காய்களாகக் காய்க்கின்றன. மனிதன் கண்ணயர்ந்தால் போதும், பக்கத்தில் கிடக்கும் காய் அவனைப்போல் உருவெடுத்துக்கொள்ளும். விடிந்தால் அதே ஆள், அதே ஞாபகம். கோபம் இல்லை, ஆசை இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு நாள் காலையில் ஊர்ச் சதுக்கத்தில் லாரி லாரியாகக் காய்கள் வந்து இறங்குகின்றன. ஊர் ஜனங்கள் ரேஷன் வாங்குவதுபோல் ஒழுங்காக நின்று அவற்றைப் பக்கத்து ஊர்களுக்கு ஏற்றிச் செல்கிறார்கள். போலீஸ்காரர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கிறார்!

இந்தக் காய்கள்தாம் கம்யூனிஸ்டுகள் என்று விமர்சகர்களில் ஒரு கூட்டம் தீர்ப்பு எழுதியது. மூலக்கதை எழுதிய ஜாக் பின்னி, தாம் எந்த அரசியலையும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்றார். சீகலோ தம்முடைய சினிமாத் தொழிலிலேயே காய் மனிதர்கள் நிறைந்திருந்ததாகச் சொன்னார். வாதிக்குச் சாதகமாக அவருடைய சாட்சியே பேசவில்லை. இருந்தும் வழக்கு நிற்கவில்லை.

சரி, கேட்கிறோம். காய் மனிதன் எதைச் செய்யமாட்டான்? கூலியைக் குறைத்தால் முகம் சுளிக்கமாட்டான். கூட வேலை செய்கிறவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் திரும்பிப் பார்க்கமாட்டான். இப்படிப்பட்ட ஆள் யாருக்கு வேண்டும்? சங்கத்துக்கா? காய்கள் எந்த ஊரில் வேலைநிறுத்தம் செய்தன? அப்படியொரு விதை உண்மையில் கிடைத்தால் எந்த மில் முதலாளியும் மறுநாளே பத்து லாரி இறக்கிவிடுவான். சங்கக் கூட்டம் ஒன்றை ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும், அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறுவதற்குள் எத்தனை வாக்குவாதம், எத்தனை கூச்சல் என்று. காய்களுக்கு அந்தத் தலைவலி கிடையாது.

அப்படியானால் அன்றைய அமெரிக்காவில் காய் காய்த்தது எங்கே? 1947 அக்டோபரில், ‘அமெரிக்க விரோத நடவடிக்கை’களை விசாரிக்கிற பிரதிநிதிகள் சபைக் கமிட்டி ஹாலிவுட் கலைஞர்களை வாஷிங்டனுக்கு வரவழைத்தது. நீ கம்யூனிஸ்டா, எப்போதாவது கம்யூனிஸ்டாக இருந்தாயா என்று கேட்டது. 10 பேர் பதில் சொல்ல மறுத்தார்கள். நவம்பரில் ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் ஓர் ஆடம்பர ஹோட்டலில் கூடி, அந்த 10 பேருக்கும் இனி வேலை இல்லை என்றார்கள். 1950ல் சிறை. பிறகு பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்டது. அதிலிருந்து தப்ப ஒரே வழிதான்: கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும். நேற்றுவரை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட சிநேகிதனைக் காட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போனார்கள் சிலர். முகம் அதே முகம்!

பட்டியலில் சிக்கிய டால்டன் டிரம்போ சிறையிலிருந்து மீண்டு பொய்ப் பெயர்களில் எழுதிப் பிழைத்தார். ‘ராபர்ட் ரிச்’ என்ற பெயரில் அவர் எழுதிய கதைக்கு 1957ல் ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். மேடைக்கு வர அப்படி ஓர் எழுத்தாளரே கிடையாது. தாங்கள் துரத்தியவனுக்கே தாங்கள் மாலை போட்ட கூத்து இது!

இந்தப் படத்தின் முடிவையும் பாருங்கள். சீகலின் எண்ணப்படி, டாக்டர் நடுரோட்டில் நின்று ஓடுகிற கார்களைப் பார்த்துக் கத்துகிறார், யாரும் நிற்கவில்லை, அதோடு படம் முடிய வேண்டும். கம்பெனி பயந்துபோய் முன்னும் பின்னும் ஓர் ஆஸ்பத்திரிக் காட்சியை ஒட்டவைத்தது. அதில் ஆபத்தைப் புரிந்துகொண்டவர்கள் உடனே யாரைக் கூப்பிடுகிறார்கள்? எப். பி. ஐ. போலீஸை! கலைஞர்கள்மீது கோப்புக் கட்டி அந்தக் கமிட்டிக்குக் கை கொடுத்த அதே போலீஸை!

அதே காலத்தில் வந்த இன்னொரு படத்தை அமெரிக்க ஜனங்கள் பார்க்கவே விடவில்லை. ‘சால்ட் ஆப் தி எர்த்’ என்ற 1954ம் வருஷத்துப் படம். நியூ மெக்ஸிகோவில் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளர்கள் 1950ல் தொடங்கி 1952 வரை நடத்திய வேலைநிறுத்தத்தின் கதை. தொழிலாளர்கள் மறியல் செய்யக்கூடாது என்று கோர்ட் தடை போட்டது. தடை சுரங்கத் தொழிலாளிக்குத்தானே, அவன் மனைவிக்கு இல்லையே என்று பெண்கள் மறியலுக்கு வந்து நின்றார்கள். குழந்தைகளோடு ஜெயிலுக்குப் போனார்கள். வீட்டில் ஆண்கள் துணி துவைத்தார்கள். துவைத்த பிறகுதான் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று பெண்கள் கேட்டதன் நியாயம் உறைத்தது. டைரக்டர் ஹெர்பர்ட் பீபர்மேன் சிறை சென்ற 10 பேரில் ஒருவர். கதாநாயகனாக நடித்த ஹுவான் சாக்கோன் சினிமாக்காரர் அல்ல, அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவர். கதாநாயகி ரொஸௌரா ரெவுவெல்டாஸைப் படம் முடிவதற்கு முன்பே கைது செய்து மெக்ஸிகோவுக்கு அனுப்பினார்கள்.

இதில் நம் நெஞ்சைச் சுடுகிற விஷயம் ஒன்று உண்டு. இந்தப் படத்தை ஓட்டக்கூடாது என்று தடுத்தவர்களில் கொட்டகை ஆபரேட்டர்களின் சங்கத் தலைமையும் சேர்த்தி. நாடு முழுவதிலும் பன்னிரண்டு, பதின்மூன்று கொட்டகைகளில்தான் படம் ஓடியது. 1947ல் வந்த டாப்ட்-ஹார்ட்லி சட்டம், சங்க நிர்வாகிகள் தாங்கள் கம்யூனிஸ்டு அல்ல என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்றது. அதன்பின் அந்தச் சுரங்கத் தொழிலாளர் யூனியனையே சி. ஐ. ஓ. சம்மேளனம் 1950ல் வெளியே தள்ளியது. தொழிலாளியைக் கொண்டே தொழிலாளியின் வாயை அடைத்தார்கள். காய், சங்க ஆபீஸிலும் முளைத்துவிட்டது.

எங்கள் கொல்லையில் இது முளைக்கவே இல்லை என்று மார்தட்ட நாம் வரவில்லை. இந்தப் படம் வெளியான அதே 1956 பிப்ரவரியில்தான் மாஸ்கோவில் 20வது காங்கிரஸில் குருஷ்சேவ், ஸ்டாலின் காலத்துத் தனிநபர் வழிபாட்டையும், குற்றமற்ற தோழர்கள் கொல்லப்பட்டதையும் எடுத்துச் சொன்னார். கை தூக்கு என்றால் தூக்கியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். இதைச் சொல்லத் தயங்குகிறவன் மற்றவர்களைக் காய் என்று ஏச லாயக்கில்லை.

காலம் போய் 1988ல் ஜான் கார்பெண்டர் ‘தே லிவ்’ என்ற மலிவுப் படத்தை எடுத்தார். வேலை தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் வருகிறான் ஒரு கட்டிடத் தொழிலாளி. ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிப் பார்க்கிறான். விளம்பரப் பலகையில் ‘கீழ்ப்படி’, ‘வாங்கு’ என்று எழுதியிருக்கிறது. டாலர் நோட்டில் ‘இதுவே உன் கடவுள்’. பெரிய மனிதர்கள் பலர் வேற்றுக் கிரகத்தின் எலும்பு முகங்கள்! குறி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் நமக்கு ஒரு குறை உண்டு. சுரண்டுகிறவன் வானத்திலிருந்து வரவில்லை. அவனுக்கும் நம்மைப்போல் மனித முகம்தான். அவனை வேற்றுக் கிரகத்தான் என்று சொல்லிவிட்டால், வேற்று மதத்தான், வேற்று ஜாதியான் என்று விரல் நீட்ட அதிக நேரம் ஆகாது. அப்படியே நடந்தது. யூத வெறுப்பு பேசுகிற கும்பல் இந்தப் படத்தைத் தனக்குச் சொந்தம் கொண்டாடியது. 2017ல் கார்பெண்டரே முன்வந்து, அது பொய், அவதூறு, தம் படம் கட்டறுந்த முதலாளித்துவத்தைப் பற்றியது என்று மறுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் படத்தில் ஒரு சண்டை வருகிறது. கண்ணாடியைப் போட்டுப் பார் என்கிறான் நம் ஆள். மாட்டேன், எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, வம்பு வேண்டாம் என்கிறான் கூட வேலை செய்கிறவன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் இரண்டு பேரும் சந்தில் கட்டிப் புரண்டு, மூக்கு உடைந்த பிறகுதான் கண்ணாடி ஏறுகிறது. சண்டை மிகவும் நீளம் என்று பலர் சிரித்தார்கள். சந்தா நோட்டோடு லயன் வீடுகளில் கதவு தட்டிப் பழகியவர்களுக்கு அது நீளமாகத் தெரியாது.