பட்டாசு ஆலைப் பெண்களுக்கு மறுக்கப்படும் 13 ஆண்டுகள்

விஸ்வநத்தத்திலும் சுற்றியுள்ள சிவகாசி வட்டார ஊர்களிலும் தொழிலாளர் பாதுகாப்பு என்றாலே வெடிவிபத்தும் இழப்பீடும்தான் பேசப்படுகின்றன. தலித் பெண்கள் பெருமளவில் உழைக்கும் இத்தொழிலில், கருப்பைவாய்ப் புற்றுநோய் கோரிக்கையாக எழுவது அரிது.

இந்நோய்க்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ். பாலுறவு வாழ்வுடைய பெரும்பாலோர் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு உள்ளாவர். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை அகற்றிவிடும். நீங்காமல் தங்கும் தொற்றே ஆபத்தானது. வைரஸின் அளவு கூடினால் ஆபத்தும் கூடுமா? 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான சுவீடன் ஆய்வுகள், 16ஆம் வகை வைரஸைப் பொறுத்தவரை ஆம் என்றன. நோயின் தொடக்கநிலை கண்டறியப்படுவதற்கு 13 ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்ட மாதிரிகளிலும் வைரஸ் மிகுந்திருந்தது. பிற வகைகளில் இத்தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. எனவே ஒருநாள் எடுத்த அளவைவிட, எந்த வகை, எத்தனை காலமாகத் தங்கியுள்ளது என்பவையே முதன்மையானவை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ‘சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய்’ என்ற பேச்சு சேரிப் பெண்களை நோக்கியே எளிதில் நீள்கிறது. தொற்றின் அளவு எவருடைய ஒழுக்கத்துக்கும் அளவுகோல் அன்று. அந்த அவச்சொல்லுக்கு அஞ்சியே பரிசோதனைக்கு வர மறுப்போர் உள்ளனர்.

13 ஆண்டுகள் என்பது ஓர் உயிரைக் காக்கப் போதுமான அவகாசம். அருகிலுள்ள திண்டுக்கல் மாவட்டமே அதற்குச் சான்று. அங்கு 30 முதல் 59 வயதுடைய பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைப் பார்த்துச் சோதித்தனர். இச்சோதனை வழங்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் லான்செட் வெளியிட்டது. ஒப்பீட்டுக்காக 30,000க்கும் மேற்பட்ட பெண்கள் சோதனையின்றி விடப்பட்டனர் என்பதையும் மறக்கலாகாது. அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் ஏழைப் பெண்களே.

அதன் பயன் யாரைச் சென்றடைந்தது? ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுடைய பெண்களில் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டோர் 9.8 விழுக்காட்டினர் மட்டுமே. இந்திய அளவில் இது 1.9 விழுக்காடு என்பதால் நம் அரசு பெருமை கொள்ளலாம். பத்தில் ஒன்பது பெண்களுக்கு அதில் ஆறுதல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை இலவசம்தான். ஆனால் செய்த உருப்படிக்குக் கூலி பெறுபவருக்கு அரைநாள் விடுப்பு என்பது அரைநாள் கூலி இழப்பு.

ஆகவே சோதனை ஆலைக்கு வரவேண்டும். அபாயகரப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கொருமுறையேனும் மருத்துவப் பரிசோதனை என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41சி பிரிவு கூறியது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் கட்டணமில்லா ஆண்டுப் பரிசோதனையைப் பேசுகிறது. நுரையீரலையும் கண்ணையும் பார்க்கும் அதே நாளில், கூலி பிடித்தமின்றி, வைரஸ் சோதனையும் நடத்தப்படலாம். மாதிரியைப் பெண்களே மறைவில் எடுத்துத் தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளது. முடிவு மேற்பார்வையாளரின் கைக்குப் போகாமல் அப்பெண்ணிடம் மட்டுமே தரப்பட வேண்டும் என்பதைச் சங்கங்கள் முதல் நிபந்தனையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.