வரிசை வீட்டின் நடு அறை

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களும் பெல்டா எனும் கூட்டரசு நில மேம்பாட்டு வாரியத்தின் குடியேற்றங்களும் சூழ அமைந்துள்ள பண்டார் தெங்காரா தானாக வளர்ந்த ஊரன்று. 1972-இல் நிறுவப்பட்ட கெஜோரா எனும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம், காட்டைத் திருத்தித் தோட்டங்களாக்கியபோது, அவற்றில் உழைப்போருக்கென வரைபடத்தில் கோடிட்டு எழுப்பிய புதுநகரம் அது. இத்தகைய நகரங்களுக்கே உரிய குடியிருப்பு வடிவம் வரிசை வீடு, அதாவது இரு பக்கச் சுவர்களையும் அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்டு, முன்னும் பின்னும் மட்டுமே வெளியைப் பார்க்கும் தெரேஸ் வீடு. மலேசியாவில் இவ்வகை வீடுகளின் மனை பெரும்பாலும் ஏறத்தாழ 20 அடி அகலமும் 60 முதல் 70 அடி நீளமும் உடையது. உள் அலங்காரம் என்றவுடன் சுவர் வண்ணமும் சோபாவும் திரைச்சீலையும் நினைவுக்கு வருவது இயல்பே என்றாலும், இந்த நீண்டு ஒடுங்கிய வீட்டில் குடும்பத்தின் நலத்தைத் தீர்மானிப்பவை, வெளிச்சமும் காற்றும் எந்த வழியாக நுழைகின்றன, வீட்டார் எந்த இடத்தில் ஒருவரையொருவர் எதிர்ப்படுகிறார்கள் என்னும் இரண்டும்தான்.

இரண்டாவதைப் புரிந்துகொள்ளத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தை நினைத்துப்பார்க்க வேண்டும். லயத்து வீடுகளின் நெருக்கடியும் வசதிக்குறைவும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்க 1966-இலும், அதற்குப் பதிலாக 1990-இலும் தனிச் சட்டங்கள் தேவைப்படும் அளவுக்கு இருந்தன. அந்த வாழ்க்கையை அழகுபடுத்திப் பேசுவதில் நியாயமில்லை. ஆயினும் லயத்தில் வீட்டுக்குள் இல்லாத இடம் வீட்டுக்கு முன்னால் இருந்தது. வாசலில் முறத்தோடு அமரும் பாட்டியும், பொதுக்குழாயடியில் காத்திருக்கும் பெண்களும், கண்ணெதிரே விளையாடும் பிள்ளைகளும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போக, குடும்பங்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அறைகளின் எண்ணிக்கை கூடியது. பொது வாசலோ கிடைக்கவில்லை. எனவே லயத்து முன்றில் செய்த வேலையை இனி வீட்டின் உட்புறம்தான் செய்தாக வேண்டும் என்பதே, இந்த வீடுகளைத் திருத்தி அமைப்போர் முதலில் ஏற்க வேண்டிய உண்மை.

நடைமுறையில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. கையில் சிறிது பணம் சேர்ந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் மேற்கொள்ளும் முதல் திருத்தம், சமையலறையைப் பின்மதில்வரை நீட்டுவதாகும். வீட்டில் விசேஷம் என்றால் பெரிய சட்டியும் அம்மியும் ஆட்டுக்கல்லும் வைக்க இடம் வேண்டும் என்னும் தேவை உண்மையானதே. ஆனால் பின்கட்டு முழுவதும் கூரையிட்டு மூடப்படும்போது, அதுவரை பின்வெளியைப் பார்த்திருந்த படுக்கையறைச் சன்னல் இப்போது சமையல் புகையைப் பார்க்கிறது. முன்கூடத்துக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட நடு அறை பகலிலும் விளக்கின்றிப் புழங்க முடியாத இருட்டறையாகிறது. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டட விதிகள், குடியிருக்கும் ஒவ்வோர் அறைக்கும் அதன் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னல் பரப்பும், தடையின்றிக் காற்று நுழைய 5 விழுக்காடு திறப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. 100 சதுர அடி அறைக்கு 10 சதுர அடி சன்னல் என்பது பெரிய கோரிக்கையன்று. வாழும் அறைகளுக்குக் குறைந்தது இரண்டரை மீட்டர் உயரமும் அதே விதிகளில் உண்டு. இவற்றை நகராண்மைக் கழகத்தின் அனுமதிக்கான சம்பிரதாயமாக மட்டும் பார்ப்பது பெரும் இழப்பு. உறங்கும் பிள்ளையின் மூச்சுக்காக எழுதப்பட்ட எண்கள் இவை.

காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதைக் குறுக்குக் காற்றோட்டம் என்பர். பக்கச் சுவர்களில் திறப்பே இல்லாத வரிசை வீட்டில் அது முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு மட்டுமே ஓட முடியும் என்பதால், பின்வாசலை அடைப்பது வீடு முழுவதன் காற்றையும் நிறுத்துவதாகும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகைக்குள் அமைந்த இவ்வூரில் உச்சிச் சூரியன் கூரையைச் சுடுகிறது. காலை, மாலைச் சாய்வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களைத் தாக்குகிறது. கிழக்குப் பார்த்த வாசலையே விரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் மறுபக்கமாக மேற்கு வெயில் சமையலறையில் வந்து விழுகிறது. வாசலின் திசை மனத்துக்குத் தரும் நிறைவைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. பின்சன்னலுக்கு மேல் அகன்ற சாய்ப்பு ஒன்றும், ஓட்டுக்கடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் அலுமினியத் தகடும் மேற்கு வெயிலின் சுமையைக் குறைத்துவிடும்.

வெப்பத்துக்கும் குடும்ப உறவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. கூடம் புழுங்கும் வீட்டில் ஏர்கோன் பொருத்திய படுக்கையறையை நோக்கி அனைவரும் நகர்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒன்று பொருத்தப்பட்டால் ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். திருத்தத்துக்கென ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு, சாப்பாட்டு மேசைக்கு மேலே நல்ல மின்விசிறிக்கும் அதன் அருகே ஒரு சன்னலுக்கும் செல்வதே சரியான வரிசை. கூலாய், செனாய் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்ப்போரும், சிங்கப்பூருக்குச் சென்று திரும்புவோரும் உள்ள வீடுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் உண்பது அரிது. ஆகவே மேசையைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் பார்வை எட்டும் இடத்தில் போட வேண்டும். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதும், அம்மா கீரை ஆய்வதும், பிந்தி வந்தவர் சோற்றுத் தட்டோடு அமர்வதும் அங்கேயே நிகழும்போது, தனியே உண்பவருக்கும் துணை கிடைக்கிறது. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவரின் அறையோ தொலைக்காட்சிச் சுவரிலிருந்து விலகி, தடித்த திரையோடு இருக்க வேண்டும். அவர் உறக்கத்தைக் காக்க மற்றவர்கள் நாள் முழுதும் கிசுகிசுத்துப் பேசும் வீட்டில் எரிச்சல் சேராமலிருக்காது.

வெளியைப் பார்க்கும் சன்னலின் பயனுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பித்தப்பை அறுவைக்குப் பின் மரங்களைப் பார்த்த சன்னலோரம் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்பதையும், அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகள் குறைவாகவே தேவைப்பட்டன என்பதையும் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் எடுத்துக்காட்டினார். லாஸ் ஏஞ்சலிஸ் குடும்பங்களிடையே நடத்தி 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தம் வீடு பொருள்களால் அடைந்துகிடப்பதாகக் கூறிய பெண்களிடம், நாளின் போக்கில் இறங்க வேண்டிய கார்டிசால் எனும் மனஅழுத்த இயக்குநீர் உரிய அளவுக்கு இறங்காதது தெரிந்தது. பெரிய கண்ணாடி அலமாரி வாங்குமுன் இதை எண்ணிப்பார்க்கலாம். அதைத் துடைப்பவர் யார் என்பதையும் சேர்த்து.

முதியோரைப் பொறுத்தவரை, குளியலறைக்கு அருகிலுள்ள அறை, வழுக்காத தரை, சுவரில் பிடிகம்பி ஆகியவை போதும். அவர்கள் பகலில் அமரும் நாற்காலி மட்டும் முன்வாசல் தெரியும்படி இருக்க வேண்டும். சாமி மேடை எங்கு அமைந்தாலும், விளக்கெண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் வெளியேற மேலே ஒரு திறப்பு தேவை. கார் நிற்கும் முன்கூரையடியில் ஒரு மரப்பெஞ்சுக்கு இடம் விட்டால், பொங்கல் பானை வைக்கவும், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருவோர் செருப்பைக் கழற்றிவிட்டு அமரவும், மாலையில் அண்டை வீட்டாரோடு பேசவும் அதுவே உதவும்.

பின்கட்டை ஏற்கெனவே மூடிவிட்ட குடும்பங்கள் சுவரை இடிக்க வேண்டியதில்லை. நடு அறைச் சன்னலுக்கு நேர் மேலே, மூன்றடிக்கு நான்கடி அளவில் கூரையை வெட்டி, அதைவிட ஓரடி உயரத்தில் ஒளி ஊடுருவும் தகடொன்றைத் தூக்கிப் பொருத்தி, நாற்புறமும் மழை தெறிக்காத சாய்பலகைகளோடு காற்றுக்கு வழிவிட்டால், சூடேறிய காற்று மேலே ஏறி வெளியேறும். வெளிச்சம் கீழே இறங்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஊர் என்பதால், கூரையும் தகடும் சேரும் விளிம்பில் நீர் கசியாதபடி ஈயத் தகடோ தார்ப்பட்டையோ ஒட்டியிருக்கிறதா என்பதை நவம்பருக்கு முன்பே ஏறிப் பார்த்துவிட வேண்டும்.