மிளகுக்கு விலை உண்டு, கொடிக்கு?

மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில் இன்று கண்ணில் படுவதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள். பித்தளை உருளிகள், பழைய மரக் கதவுகள், காஷ்மீர் சால்வைகள். 1568இல் கட்டப்பட்ட யூத ஆலயத்துக்குப் போகும் இந்தக் குறுகிய தெருவில் ஒரு காலத்தில் கிடங்குக்குக் கிடங்கு மிளகு மூட்டைகள் அடுக்கியிருந்தன. எஞ்சியிருக்கும் சில கிடங்குகளைக் கடக்கும்போது மட்டும் காரநெடி மூக்கில் ஏறுகிறது. மிளகு முன்பேர வர்த்தகம் நடத்திய சங்கமும் இங்கேதான். கம்ப்யூட்டர் வரும்வரை வியாபாரிகள் கூடி நின்று கூச்சலிட்டே விலையை முடிவு செய்தார்கள்.

இந்தச் சந்தைக்கு மிளகைப் பற்றித் தெரியாதது குறைவு. லிட்டர் எடை என்ன, ஈரம் எவ்வளவு, தூசியும் காம்பும் நீக்கியதா, நீக்காததா என்று எல்லாவற்றையும் கேட்கும். 'மலபார் கார்பிள்டு 1' என்ற தரப்பெயர் உலகம் முழுக்கச் செல்லும். சந்தை கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த மிளகு எந்தக் கொடியில் காய்த்தது? அந்தக் கொடி அடுத்த மழைக்கு உயிரோடு இருக்குமா?

கொச்சிக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மலைத் தோட்டங்களில் இதுதான் முதல் கேள்வி. ஜூனில் பருவமழை பிடித்துக்கொண்ட சில வாரங்களில் இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றும். புள்ளியின் ஓரம் நூல் பிரிந்த துணி மாதிரி சிலிர்த்திருக்கும். நோய் கொடியின் அடித்தண்டைப் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் கொடி முழுவதும் இலை உதிர்த்துக் கணு கணுவாகக் கழன்று விழுந்துவிடும். மலையாளத்தில் இதற்கு துருதவாட்டம் என்று பெயர். நேற்றுவரை பச்சையாக நின்ற கொடி அது. கையில் மருந்தோடு விவசாயி வந்து சேரும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்.

காரணம் ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிர். பார்க்கப் பூஞ்சாணம் போலிருந்தாலும் உண்மையில் பூஞ்சாணம் அல்ல, நீர்ப் பாசிகளுக்குத்தான் நெருங்கிய உறவு. அதனால்தான் மழைத் தண்ணீர் அதற்கு அவ்வளவு சௌகரியம். அதன் வித்துகள் ஈர மண்ணில் நீந்தியே அடுத்த கொடியின் வேருக்குப் போகின்றன. 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து லட்சக்கணக்கானவர்களைப் பட்டினியில் சாகடித்ததும் இதே குடும்பத்து உறவுதான்.

நோய் புதிதல்ல. வயநாட்டுக் கொடிகள் சாவது பற்றி 1902லேயே எழுதியவர் சி.ஏ. பார்பர். அப்போது வயநாடு சென்னை மாகாணத்தில் இருந்தது, பார்பர் மாகாண அரசின் தாவரவியலாளர். மிளகை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அடுத்து அவர் போன இடம் கோயம்புத்தூர். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் டி.எஸ். வெங்கட்ராமனுடன் சேர்ந்து, இனிப்பான கரும்பையும் யாரும் சீந்தாத காட்டு நாணலையும் இணைத்தார். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918 முதல் வட இந்திய வயல்களுக்குப் போனது. நாட்டில் இல்லாத உறுதியைக் காட்டு உறவிடம் கேட்டு வாங்குவது என்ற அந்த வழி கரும்புக்குக் கைகொடுத்தது. மிளகுக்கு இன்னும் முழுதாகக் கைகூடவில்லை.

கஷ்டம் மிளகின் வளர்ப்பு முறையிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு மிளகில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஒரே பூவில் இரண்டும் அமைந்த கொடிகளை மனிதன் தேடி எடுத்து, விதை போடாமல் தண்டை வெட்டி நட்டு வளர்த்தான். கரிமுண்டா, கொட்டநாடன், நாராயக்கொடி, ஐம்பிரியன் என்று பெயர் பெற்ற ரகங்களெல்லாம் இப்படிக் காலங்காலமாகப் பிரதி எடுக்கப்பட்டவை. தோட்டத்தில் உள்ள ஆயிரம் கரிமுண்டாவும் ஒரே கொடிதான் என்று சொல்லலாம். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

விஞ்ஞானிகள் முதலில் தேடியதும் எதிர்ப்புச் சக்தியை அல்ல. கண்ணூர் மாவட்டம் பன்னியூரில் உத்திரன்கொட்டாவையும் செறியகணியகாடனையும் இணைத்து உருவாக்கிய பன்னியூர்-1 தான் உலகின் முதல் கலப்பின மிளகு. 1971இல் வெளியானது. நீளமான கதிர், பருத்த மணி. மட்டாஞ்சேரி கேட்டது அதைத்தானே? கேரளத்தைத் தாண்டி கொல்லிமலை வரை பரவியது. துருதவாட்டத்திடம் மட்டும் அதற்குத் தற்காப்பே இல்லை. சந்தை எதற்கு விலை வைக்கிறதோ அதைத்தான் விவசாயியும் விஞ்ஞானியும் தேடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பிறகு அந்த வேலையில் இறங்கியது. தோட்டங்களிலும் காடுகளிலும் இருந்து ஆயிரக்கணக்கான கொடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றாக நோயைப் புகட்டிப் பார்த்தது. அப்படித் தப்பித்தவற்றில் இருந்து வந்தவைதான் சக்தி, தேவம் என்ற ரகங்கள். ஆனால் இவை நோயைத் தாங்கும் கொடிகள், நோயே அண்டாத கொடிகள் அல்ல. வித்தியாசம் பெரியது. பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தரும் பாதுகாப்பில் நோய் மெதுவாகப் பரவும், கொடி சமாளிக்கும். வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் அந்தச் சமாளிப்பும் போய்விடும். எனவே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும், டிரைக்கோடெர்மாவும் தேவைதான்.

அப்படியானால் ஒரே வலுவான ஜீனை எடுத்து நுழைத்துவிட்டால்? பருத்திக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் இலைச்சுருட்டு வைரஸ் பாகிஸ்தானின் பருத்தியைச் சூறையாடியபோது, மீட்புக்கு வந்த பெற்றோர் ரகங்களில் ஒன்று கோவையில் உருவான எல்.ஆர்.ஏ. 5166. எல்லை தாண்டிப் போன அந்த எதிர்ப்புக் குணம் சில ஆண்டுகள் மானத்தைக் காப்பாற்றியது. 2001இல் பூரேவாலா பகுதியில் வைரஸ் புது உருவம் எடுத்து அதையும் உடைத்துவிட்டது. இத்தனைக்கும் நமது நாட்டுப் பருத்தியை அந்த வைரஸ் தொடுவதே இல்லை. ஆனால் நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம், ஆலைகள் கேட்கும் அமெரிக்கப் பருத்திக்கு 52. இணைத்தால் பிள்ளைக்கு 39 வரும், அது மலடாக நிற்கும்.

விசித்திரம் என்னவென்றால் மிளகிலும் அதே கணக்கு. நோய் அறவே அண்டாத ஒரு மிளகு உறவு உண்டு. சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் சதுப்பு நிலம். பைப்பர் கொலுப்ரினம் என்பது அறிவியல் பெயர், கேரள நாற்றங்கால்களில் 'பிரேசில் திப்பலி'. தண்ணீரிலேயே வேர் ஊன்றி வாழ்வதால் ஃபைட்டோஃப்தோராவுடன் அதற்குப் பழைய பகை இருந்திருக்க வேண்டும். அதற்கு 26 குரோமோசோம், நம் மிளகுக்கு 52.

குறுக்கு வழி ஒட்டுக்கட்டுவது. கீழே திப்பலி வேர், மேலே பன்னியூர் கொடி. கேரளத்தில் பல தோட்டங்களில் இப்படி நட்டிருக்கிறார்கள். வேர் அழுகல் வராது, ஆனால் சதுப்பு நிலத்து வேருக்குக் கோடையிலும் தண்ணீர் வேண்டும். சில ஆண்டுகளில் ஒட்டிய இடமே பிரச்சினையாகிவிடுவதும் உண்டு. நேரடியாகக் கலப்பதுதான் நிரந்தரத் தீர்வு. 2008இல் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தினர் இரண்டு இனங்களையும் இணைத்து, முழு மலடாகாத ஒரு கலப்புக் கொடியை உருவாக்கியதாக அறிவித்தார்கள். அதிலிருந்து தோட்டத்தில் நடும் ரகம் வர, மீண்டும் மீண்டும் மிளகுடன் இணைத்து, திப்பலியின் மற்ற குணங்களை விலக்கி, காரத்தையும் கதிரையும் மீட்க வேண்டும். கொடிப் பயிரில் ஒரு தலைமுறை என்பது ஆண்டுகள். ஓர் ஆராய்ச்சியாளரின் பணிக்காலத்தில் சில தலைமுறைகளைப் பார்த்தாலே அதிர்ஷ்டம்.

இதற்கிடையில் 2019இல் மிளகின் முழு மரபணு வரிசை வெளியானது. படித்தது மலபார் அல்ல, சீனாவை மையமாகக் கொண்ட குழு. ஹைனான் தீவில் மிளகுத் தோட்டங்கள் இருக்கின்றன. மிளகின் தாய்வீட்டுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

தாய்வீடு வேறு விதத்திலும் இளைத்திருக்கிறது. உலகின் பெரிய மிளகு உற்பத்தியாளர் இப்போது வியட்நாம். இந்தியாவுக்குள்ளேயே கர்நாடகம் கேரளத்தை முந்திவிட்டது. கொடி மட்டுமல்ல, அது படரும் முள்முருங்கையையும் 2005 வாக்கில் வந்த ஒரு குளவிப் பூச்சி சீரழித்தது. இறக்குமதி மிளகு உள்ளூர் விலையை அமுக்குகிறது என்ற கூக்குரலுக்குப் பிறகு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் விதித்தது. விலைக்கு அரண் கட்டலாம், வேருக்குக் கட்ட முடியாது. வியட்நாமின் தோட்டங்களிலும் இதே வாடல் உண்டு என்பது கேரள விவசாயிக்கு ஆறுதலா என்பது தெரியாது.

வயநாட்டிலும் இடுக்கியிலும் காய்ந்த தோட்டங்களில் மறுபடியும் நடுபவர்கள் நாற்றங்காலில் இன்னும் பன்னியூர்-1 கேட்கிறார்கள். பேர் வாய்க்கு வருகிறது, மணி பெரிது. பழைய நாட்டு ரகங்களோ, வீட்டுப் பலாமரத்தில் தொற்றி நிற்கும் வரை நிற்கின்றன. மரத்தை வெட்டும்போது அதன் ஜீன்களும் விறகோடு போய்விடுகின்றன.

அறுவடை முடிந்து எல்லா மிளகும் வெயிலில் காய்ந்து கருத்தபின் கரிமுண்டாவும் பன்னியூரும் சக்தியும் ஒரே மூட்டைக்குள் சேர்கின்றன. மட்டாஞ்சேரியில் சாக்கைக் குத்தி ஒரு பிடி எடுத்து லிட்டர் படியில் கொட்டி எடை பார்க்கிறார்கள். மூன்றுக்கும் அன்றைய விலைதான்.