சித்திரை வெயிலும் பிராசஸரின் வேகமும்

பழைய மேசைக் கணினி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிராசஸரை உற்பத்தியாளர் விதித்த வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படும் நம் புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்களின் ஊக்கத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். புதிய யந்திரம் வாங்க வசதியில்லாத வீட்டில், இருக்கும் யந்திரத்திடமிருந்தே அதிக உழைப்பைப் பெற முயல்வது சிக்கனமும் விவேகமும் சேர்ந்த காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஓவர்கிளாக்கிங் எனப்படும் இந்த வித்தையை, குளிர்தேசத்தார் தங்கள் அறையில் அளந்து சொன்ன எண்களை அப்படியே நம்பி இங்கே செய்வது பெரும் பிழை என்பது என் திடமான அபிப்பிராயம். விராலிமலையிலோ ஆலங்குடியிலோ ஓட்டுவீட்டு அறையொன்றில் இருக்கும் கணினிக்கு, அந்த அறையின் உஷ்ணமே எல்லை வகுக்கிறது.

இந்த ஆசைக்கு நியாயமான பூர்வ சரித்திரமும் உண்டு. 1998-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற பிராசஸர், பஸ் எனப்படும் தரவுப் பாதையின் 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நாலரை என்ற பெருக்கெண்ணால் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி விற்கப்பட்டது. பஸ்ஸை 100-க்கு உயர்த்திய மாத்திரத்தில் அவற்றுள் மிகப் பல 450 மெகாஹெர்ட்ஸில் தடையின்றி ஓடின. அந்தக் காலம் போய்விட்டது. பெருக்கெண்ணைப் பெரும்பாலான பிராசஸர்களில் முன்பே பூட்டியிருந்த இன்டெல், 2011-இல் பஸ் வேகத்தைக் கூட்டும் வழியையும் அநேகமாக அடைத்துவிட்டது; ஏ.எம்.டி. நிறுவனம் 2017-இல் தொடங்கிய ரைசன் வரிசையில் அநேகமாக எல்லாவற்றையும் திறந்தே தந்தாலும், ஏ320 போன்ற மலிவு மதர்போர்டுகள் அந்த உரிமையைத் தருவதில்லை. இவற்றைவிட முக்கியமான விஷயம், இக்காலப் பிராசஸர்கள் தம் உஷ்ணத்தையும் தாம் இழுக்கும் மின்சாரத்தையும் தாமே அளந்து, இடமிருக்கும்வரை தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன என்பது. அவற்றுக்குக் குளிர்ச்சியைத் தந்துவிட்டால் வேகம் தானே வந்து சேரும்.

பிராசஸர் செலவிடும் மின்சக்தி, ஏறத்தாழ அதன் வேகத்தையும் அதற்குத் தரும் வோல்டேஜின் இருமடியையும் பெருக்கிவரும் அளவில் வளர்கிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டி, அதைத் தாங்குவதற்காக வோல்டேஜையும் பத்து சதவீதம் கூட்டினால், கிடைக்கும் லாபம் அதிகபட்சம் பத்து சதவீதம்; பிறக்கும் உஷ்ணமோ மூன்றில் ஒரு பங்கு அதிகம். பெட்டியோடு வந்த சிறு விசிறி இந்த உஷ்ணத்தை அறைக் காற்றுக்குள்தான் தள்ள முடியும். 22 டிகிரி அறையில் 70 டிகிரியில் நின்ற பிராசஸர், அதே வேலையை அதே விசிறியோடு 40 டிகிரி அறையில் செய்தால் 88-ஐத் தொடும். 95, 100 டிகிரியை எட்டும்போது தற்காப்புக்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதனோடு செம்மண் புழுதியும், இலுப்பூர், அன்னவாசல் பக்கத்துக் கல்குவாரிப் பொடியும் பிராசஸரின் உஷ்ணத்தை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்கின் இடுக்குகளில் படிந்து காற்றை அடைத்துவிட்டால், ஏற்றிய வேகம் ஏற்றாத வேகத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆகவே முதல் காரியம், மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தூசு நீக்கி, பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே காய்ந்து பொருக்காகிப்போன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக இடுவது. அதன் பிறகும் ஆவல் தீரவில்லையானால், வோல்டேஜைத் தொடாமல் நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிராசஸருக்கு முழுச் சுமையையும் தந்து சில மணி நேரம் பரீட்சிக்க வேண்டும். அந்தப் பரீட்சையைச் சித்திரை மாதத்துப் பிற்பகலில், கேபினட்டை மூடி வைத்துச் செய்ய வேண்டும். மார்கழி இரவில் தேறிய வேகத்தை நம்பி இருந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உஷ்ணம் 85 டிகிரியைத் தாண்டினாலும், ஒரே ஒரு முறை யந்திரம் நின்றுபோனாலும், ஒரு படி இறங்கிவிட வேண்டும். வேகத்தைக் கூட்டாமல் வோல்டேஜை மட்டும் சிறிது குறைத்துப் பார்ப்பது, என் மதிப்பில், நம் ஊருக்கு ஏற்ற மேலான வித்தை. குறைந்த உஷ்ணத்தில் பிராசஸர் தன் இயல்பான உச்சத்தில் நீண்ட நேரம் நிற்கும்.

ராம் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். ஒரே ஒரு 8 ஜிபி ராம் பொருத்திய கணினியில் அதேபோன்ற இன்னொன்றை உரிய இடத்தில் சேர்த்தால், தரவு செல்லும் பாதை இரண்டாகிறது. பல வேலைகளில் அந்த லாபம், பிராசஸரை வருத்தி எடுக்கும் லாபத்தைவிட அதிகம். சாதாரண ராமை அதன் தகுதிக்கு மேலே ஓட்டினாலோ, அது எப்போதும் யந்திரத்தை நிறுத்தி எச்சரிப்பதில்லை. ஒரு பிட் மாறிப்போய், அந்தப் பிழை சப்தமில்லாமல் கோப்புக்குள் எழுதப்பட்டு, மாதக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டு ஒரு பிழைகூட வராதிருந்தால்தான் நம்பலாம். பிறருடைய சான்றிதழ்களும் விண்ணப்பங்களும் கடைக் கணக்குகளும் குடியிருக்கும் கணினியில், இ-சேவை மையமாயினும் டி.டி.பி. கடையாயினும், ஓவர்கிளாக்கிங் அறவே கூடாது. தன் சொந்த யந்திரத்தில் ஒருவர் ஏற்கும் நஷ்டத்தை, அறியாத மூன்றாம் மனிதர் தலையில் சுமத்த யாருக்கும் உரிமையில்லை.

யந்திரத்தைக் கையாண்டு கற்பதில் இம்மாவட்டத்துக்குக் கௌரவமான ஒரு பாரம்பரியம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியே கல்குவாரித் தொழிலாளிகள் உள்படப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கணினியைப் பயன்படுத்த மட்டுமே சொல்லித்தந்து, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறந்து காட்டாத கல்வி அந்த மாவட்டத்துக்குப் போதாது. மாமன்னர் கல்லூரியிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் கழித்துப்போட்ட கணினி ஒன்றையாவது மாணவர் பரீட்சைக்கென ஒதுக்கி, அருகிலே ஒரு வெப்பமானியையும் வைத்து, மாதந்தோறும் அறையின் உஷ்ணம், பிராசஸரின் உஷ்ணம், தாங்கிய வேகம் ஆகியவற்றை எழுதிவரச் செய்யலாம். ஒரு வருஷம் அப்படி எழுதினால் நம் வெயிலுக்கும் நம் புழுதிக்கும் உரிய எண்கள் தமிழிலேயே கிடைக்கும். அவற்றை அச்சிட்டு, பழைய கணினி வாங்க வருகிறவர்களின் கண்ணில் படும்படி கீழராஜ வீதிக் கடைகளிலும் ஒட்டிவைக்கலாம்.