எழுத்து வந்த பிறகுதான் வேதமா?

ஹிம்பா மக்களுக்கு பைபிளை வாய்மொழியாகவே மொழிபெயர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. "முதல்ல எழுதப் படிக்கக் கத்துக்கொடுக்கலாமே?" என்றான் ஹாஸ்டல் நண்பன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நமீபியாவின் வடமேற்கே, குனேனே பகுதியில் மாடுகளோடு மேய்ச்சல் தேடி இடம் மாறுகிறவர்கள் இவர்கள். பேசுவது ஹெரெரோ மொழியின் ஒரு வழக்கு. ஹெரெரோவில் அச்சிட்ட பைபிள் இருக்கிறது. மிஷனரி ஹான் 1857லேயே அந்த மொழிக்கு இலக்கணம் வெளியிட்டுவிட்டார். புத்தகம் இல்லாதது பிரச்சினையே இல்லை சார். மாட்டின் ஒவ்வொரு நிறத்துக்கும் புள்ளிக்கும் தனிப்பெயர் வைத்து நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் காது போதாதா?

கதையைக் கேட்டு, உள்வாங்கி, தங்கள் பேச்சில் சொல்லிப் பதிவுசெய்து, ஊராருக்குப் போட்டுக்காட்டித் திருத்துவதுதான் வாய்மொழி முறை. என் சண்டை அந்தக் கடைசிப் படியில். கடவுளுக்கு அவர்கள் சொல் 'முகுரு'. புனித நெருப்பருகே அழைக்கப்படும் முன்னோர் 'ஓவகுரு'. இரண்டும் ஒரே வேர். எந்தச் சொல்லைப் பைபிளில் வைப்பது என்பதை எங்கோ ஆபீஸில் இருப்பவர் முடிவுசெய்தால், ஊராருக்குப் போட்டுக்காட்டுவது எதற்கு? (காமர்ஸ் பாஷையில், சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை வாங்குபவருக்கு வேண்டும்.) "இது எங்கள் பேச்சில்லை" என்று மாடு மேய்க்கும் ஒரு கிழவி சொன்னால், முடிந்த பதிவை அழிப்பார்களா? "எங்களுக்கு இது வேண்டாம்" என்றே சொல்லிவிட்டால்?