மலையும் மோட்டாரும்

டில்லியில் சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் நம்மவர் வீடுகளில் ஒரே கேள்விதான். ஊருக்குப் போவதா, மலைக்குப் போவதா? ஊர் என்றால் ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம். போனால் உற்றார் உறவினருக்கென்று செலவும் உண்டு. மலை என்றால் ஓர் இரவு பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும். ஆனாலும் முப்பது வருஷம் ராமகிருஷ்ணபுரத்திலும் கரோல்பாகிலும் குடியிருந்துவிட்டு, இமயமலைப் புல்வெளி ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவர்கள் நம்மிடையே அநேகர். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் தமிழர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுதாகக் கிடைத்தாலே பெரிது.

இந்நிலையில் மலைகளுக்குச் செல்வோருக்கு வரம்பு கட்டும் முறை நாடெங்கும் பரவி வருகிறது. ரோதங் கணவாய்க்கு நாளொன்றுக்கு 1,200 வண்டிகளுக்கு மேல் போகக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரையறுத்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. மறு வருஷம் ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று கணக்கும் வந்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் வரம்பு எதற்கு, யாருக்கு என்பதில் நமக்கு ஒரு கருத்து உண்டு.

கடுவால் மலைகளில் மரங்கள் முடிந்து பனி தொடங்குவதற்கு இடையே பரந்து கிடக்கும் புல்வெளிகளை அங்குள்ளவர்கள் ‘புக்யால்’ என்பார்கள். சமோலி மாவட்டத்தில் பேதினி, ஆலி, உத்தரகாசியில் தயாரா. பார்வைக்குப் பச்சைக் கம்பளம். அடியில் இருப்பதோ மெல்லிய மண்படலம். ஆண்டில் பாதிக்கு மேல் பனிக்கடியில் கிடக்கும் அந்த மண்ணில், கோடையின் சில மாதங்களில்தான் புல்லும் மூலிகையும் முளைத்துப் பூத்து விதையிட்டு முடிக்க வேண்டும். அந்தச் சில மாதங்களில்தான் நாமும் போகிறோம். ஒரே இடத்தில் கூடாரம் நாலு நாள் நின்றால் கீழே புல் வெளிறிச் சாகிறது. மழைநீர் வடியக் கூடாரத்தைச் சுற்றி வெட்டும் சிறு வாய்க்கால் அடுத்த மழையில் ஓடையாகிறது. வேர் போனபின் சரிவில் மண் நிற்காது. சமவெளியில் ஒரு பருவ மழை ஆற்றிவிடும் புண், அந்த உயரத்தில் ஆறப் பல ஆண்டுகள் ஆகும்.

இதை உணர்ந்தே உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது. 200 பேருக்கு மேல் போகக் கூடாது, நிரந்தரக் குடில்களை அகற்ற வேண்டும் என்றும் கூறியது. தீர்ப்பின் நோக்கம் நல்லது. ஆனால் அதன் முதல் அடி விழுந்தது வழிகாட்டிகள், கோவேறு கழுதைக்காரர்கள், கூடாரம் சுமந்து வயிறு வளர்த்த மலைக் கிராமத்து இளைஞர்கள் ஆகியோர் மீதுதான்.

பத்து மாதம் கழித்து நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே சமோலி மாவட்டத்தில், 2019 ஜூனில், அவுலி மலைச்சரிவில் (ஆலி வேறு, அவுலி வேறு) வெளிநாட்டில் தொழில் நடத்தும் கோடீஸ்வரக் குடும்பம் ஒன்று தன் இரு பிள்ளைகளின் கலியாணத்தைக் கூடாரங்கள் அமைத்து நடத்தியது. நீதிமன்றம் தலையிட்டு 3 கோடி ரூபாயை முன்பணமாகக் கட்டச் சொன்னது; கலியாணம் நின்றுவிடவில்லை. விருந்தினர் போனபின் அங்கே கிடந்த குப்பையை ஜோஷிமடம் நகராட்சியினர் குவிண்டால் கணக்கில் அள்ளினார்கள். முதுகில் மூட்டையோடு நடந்து வந்து ஒரு ராத்திரி படுக்க நினைத்தவனுக்குத் தடை, ஹெலிகாப்டர் வைத்திருப்பவனுக்கு முன்பணம் என்றால், சட்டத்தின் மீது மலைவாசிக்கு எப்படி மதிப்பு வரும்?

ரோதங்குக்குத் திரும்புவோம். 1,200 கார்களில் காருக்கு நாலு பேர் என்றால் 4,800 பேர். அத்தனை பேரையும் 40 பேர் உட்காரும் 120 பஸ்கள் ஏற்றிச் சென்றுவிடும். புகையில், நெரிசலில், மலைச்சாலை ஓரத்தில் வண்டி நிறுத்த வெட்டும் இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அனுமதிச் சீட்டு முறை பெரும்பாலும் காரைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. கைப்பேசியில் முந்திப் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு, காரும் உள்ளவருக்கு மலை திறக்கிறது. ஓட்டலுக்கு முன் மூன்று மணி நேரம் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்பதற்குப் பெயர் இயற்கையை ரசிப்பதாம்!

நீலகிரியில் இந்த விஷயம் ஓரளவு சரியாகக் கையாளப்பட்டிருக்கிறது. அரசுப் பஸ்ஸிலும் ரயிலிலும் வருவோருக்கு இ-பாஸ் தேவையில்லை. எண்ணப்படுவது வண்டிதான், மனிதர் அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறும் கோவை மில் தொழிலாளியை எந்தச் சோதனைச் சாவடியும் திருப்பி அனுப்பாது. இதே விதியை வடக்கேயும் கொண்டுவர வேண்டும். 2017-இல் மணாலியிலிருந்து ரோதங்குக்கு மின்சார பஸ் விட்ட இமாசல அரசுக்கு இது புதிய யோசனையல்ல.

மத்திய சர்க்கார் ஊழியருக்கு இதில் தனி அக்கறை உண்டு. இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் சென்றுவர நாலு வருஷத்துக்கு ஒருமுறை எல்.டி.சி. கிடைக்கிறது. அந்த விதிகளின்படி, பொதுவாக, சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ சென்றால் செலவு திரும்பக் கிடைக்காது. ரயில், அரசுப் பஸ் போன்றவற்றின் டிக்கெட்டுக்குத்தான் பணம். அதாவது, பஸ்ஸில் போ என்று தன் ஊழியருக்குச் சொல்லும் சர்க்கார், மலையடிவாரத்துக்கு அப்பால் போதிய பஸ் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ரிஷிகேசம் வரையிலும் காத்கோதாம் வரையிலும் சுகமாகப் போய்விடலாம். அதற்கு மேல், பிதுங்கி வழியும் ஜீப்புகளின் தயவு. விளைவு, நாலு குடும்பம் சேர்ந்து டெம்போ டிராவலர் பேசுவது. அந்தச் செலவு கைப்பணம்.

கூடாரத்தில் தங்கும் ஆசையுள்ளவர்களுக்கு ஒன்று சொல்வோம். சாணக்கியபுரியில் தலைமையகம் கொண்ட இளைஞர் விடுதிகள் சங்கம் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் முகாம்களை நடத்துகிறது. விளம்பரத்தைப் பார்த்து யாரோ ஒருவர் பின்னால் மலையேறுவதைவிட அது மேல். 2024 ஜூனில் சகஸ்ரதாலுக்குச் சென்ற, பெரும்பாலும் கர்நாடகத்தவர் அடங்கிய 22 பேர் குழுவில் 9 பேர் பனிப்புயலில் சிக்கி மாண்டார்கள். தெற்கத்தி உடம்புக்கு உயரமும் குளிரும் புதிது. முதல் நாளே ஓடி ஏறுவது வீரமல்ல. மழைக்காலத்தில், அதாவது ஆடி ஆவணியில், அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

நம் கோரிக்கைகள் இரண்டு. மே, ஜூன் மாதங்களில் வெள்ளி இரவுதோறும் காஷ்மீரி கேட், ஆனந்த் விஹார் நிலையங்களிலிருந்து புல்வெளிகளின் அடிவாரக் கிராமங்கள் வரை நேரடியாகச் செல்லும் சிறப்பு பஸ்களை உத்தராகண்ட், இமாசலப் போக்குவரத்துக் கழகங்கள் விட வேண்டும். அவற்றில் வருவோரை வாகன அனுமதிச் சீட்டிலிருந்து விலக்க வேண்டும். இரவு தங்குவதைப் புல்வெளியின் மேல் அல்லாமல் கீழே கிராமத்து வீடுகளில் அமைத்து, அந்த வருமானத்தைக் கிராமத்தாருக்கே விட வேண்டும். டில்லித் தமிழ் அமைப்புகளும் ஆண்டுக்கு ஒரு பஸ்ஸாவது ஏற்பாடு செய்யலாம். அதில் சில இடங்களைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது அவர்களுக்குப் பெரிய செலவாகாது.