நாகன் திரும்பிய வழி

பொத்தப்பி நாட்டின் மலைகளுக்கிடையே அமைந்த வேடர் ஊர் உடுப்பூர். விளாமரங்களில் வேட்டை நாய்கள் கட்டப்பட்டிருக்கும். கிளைகளில் வலைகள் தொங்கும். அவ்வூரின் தலைவன் நாகன். நெடுநாள் மகப்பேறின்றி வருந்தி, முருகவேளுக்கு விழா எடுத்து, அவனும் தத்தையும் பெற்ற பிள்ளையே திண்ணன். தூக்கியபோது திண்ணென்று கனத்ததால் வைத்த பெயர் அது.

பதினாறு வயதில் தலைமையை ஏற்று முதல் வேட்டைக்குச் சென்ற திண்ணன், ஒரு பன்றியைத் துரத்திப் பொன்முகலியாற்றங்கரையை அடைந்தான். காளத்தி மலையில் குடுமித்தேவரைக் கண்டவன் பிறகு வீடு திரும்பவில்லை. பெரியபுராணத்தில் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தத் தேவரை நாகன் காணாதவனல்லன். முன்னொரு நாள் வேட்டைக்கு வந்தபோது, அந்தணர் ஒருவர் நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, அமுதூட்டியதைத் தானும் நாகனும் பார்த்ததாக உடன்வந்த நாணனே கூறுகிறான். தந்தை பார்த்துவிட்டு இறங்கினான். மகனால் இறங்க முடியவில்லை. இத்தனை விலங்குகள் திரியும் காட்டில் இவர் துணையின்றி இருக்கிறாரே என்று அவன் நெஞ்சு பதறியது.

மகனுக்குப் பித்தேறியது என்ற செய்தி கேட்ட நாகன் ஊணும் உறக்கமும் மறந்தான். தேவராட்டியை அழைத்துக்கொண்டு ஓடிவந்தான். ஆன மட்டும் முயன்றும் மகன் மனம் மாறவில்லை. செய்வதறியாது திரும்பினான். கண்ணப்பர் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் இடம் இது. தவமிருந்து பெற்ற ஒரே மகனை மலைமேல் விட்டுவிட்டு இறங்கும் முதிய தந்தையின் நடை எப்படி இருந்திருக்கும்? சேக்கிழார் அதை விரித்துரைக்கவில்லை.

ஊரை விட்டாலும் ஊர் கற்பித்ததைத் திண்ணனார் விடவில்லை. ஆகம விதி அவர் அறியாதது. இறைச்சியைப் பதமாகச் சுட்டு, மென்று சுவை பார்த்து, நல்லதைத் தேர்ந்து படைத்தார். இரவு முழுவதும் வில்லேந்திக் காவல் நின்றார். சிவகோசரியார் மறைந்திருந்து பார்த்த ஆறாம் நாள், தேவரின் வலக்கண்ணில் குருதி பெருகியது. முதலில் அவர் தேடி ஓடியது வேடர்கள் அம்புப் புண்ணுக்கு இடும் பச்சிலையை. அது பலிக்கவில்லை. அப்போது நினைவுக்கு வந்தது, ஊனுக்கு ஊனே மருந்து என்னும் பழஞ்சொல். நாகனின் சிறுகுடியில் வளர்ந்த பிள்ளை, தன் கண்ணை இடந்து அப்பினார்.